அழுவதை மறந்த குழந்தைகள்: ருமேனியாவின் 770ஆம் இலக்க ஆணையும் ஒரு தலைமுறையின் உடலும்

ருமேனியா என்ற பெயர் அண்மைய ஆண்டுகளில் இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு விளம்பரங்களில் அடிக்கடி தென்படுகிறது. தொழிற்சாலைகளுக்கும் கட்டட நிர்மாணப் பணிகளுக்கும் ஆட்களைத் தேடித் தெற்காசியாவை நாடும் நாடாக அது மாறியிருக்கிறது. அதன் இளைஞர்கள் மேற்கு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டுச் சென்றுவிட்டதும் பிறப்பு வீதம் சரிந்திருப்பதும் அதற்கான காரணங்கள். அரை நூற்றாண்டுக்கு முன்னர் இதே நாடு தனது பெண்களைச் சட்டத்தின் பிடியில் வைத்துப் பிள்ளை பெற வைத்தது என்பதை அந்த விளம்பரங்களைப் பார்ப்பவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்களோ தெரியவில்லை.

அந்த நாட்டின் பிறப்புப் பதிவுகளில் இரண்டு எண்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 1966ஆம் ஆண்டில் பிறந்த குழந்தைகள் 273,678. 1967இல் பிறந்த குழந்தைகள் 527,764. ஒரு நாட்டின் பிறப்புகள் ஒரே வருடத்தில் ஏறத்தாழ இரட்டிப்பாவது சனத்தொகையியலில் மிக அரிதான ஒரு சங்கதி. அந்த இரு எண்களுக்கும் இடையில் இருந்தது ஒரு கையெழுத்து மாத்திரமே.

நிக்கொலாய் சௌசெஸ்கு 1965இல் ருமேனியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைக்கு வந்தார். அதற்கு எட்டு வருடங்களுக்கு முன்னரே அங்கு கருக்கலைப்பு சட்டபூர்வமாக்கப்பட்டிருந்தது. நவீன கருத்தடைச் சாதனங்கள் கிடைப்பது அரிதாக இருந்த அந்த நாட்டில், குடும்பத்தின் அளவை மட்டுப்படுத்துவதற்குப் பெண்களுக்கு இருந்த பிரதான வழி அதுவே. 1965இல் உயிருடன் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கு கருக்கலைப்புகள் நடந்திருந்தன. தொழிலாளர் தொகை பெருகினால்தான் சோசலிசப் பொருளாதாரம் வளரும் என்று நம்பிய புதிய தலைவருக்கு இந்தக் கணக்கு பொறுக்கவில்லை. 1966 ஒக்டோபரில் 770ஆம் இலக்க ஆணை பிறப்பிக்கப்பட்டது. 45 வயதைக் கடந்தவர்கள், ஏற்கெனவே நான்கு பிள்ளைகளை வளர்ப்பவர்கள், உயிராபத்தை எதிர்நோக்குபவர்கள் போன்ற சிலரைத் தவிர ஏனைய பெண்களுக்குக் கருக்கலைப்பு குற்றமாக்கப்பட்டது. 25 வயதைக் கடந்தும் பிள்ளைகள் இல்லாத ஆண், பெண் இருபாலார் மீதும் வரி விதிக்கப்பட்டது. 1980களில் தொழிற்சாலைகளுக்குள்ளேயே பெண்களுக்கு மகப்பேற்று மருத்துவப் பரிசோதனைகள் நடத்தப்பட்டன. கர்ப்பம் தரித்திருப்பவர் யார், தரித்திருந்து இழந்தவர் யார் என்று அரசாங்கம் கணக்கெடுத்தது. அந்தப் பரிசோதகர்களுக்கு மக்கள் இட்ட பெயர் 'மாதவிடாய் பொலிஸ்'.

முதல் ஆண்டின் அதிர்ச்சி தணிந்ததும் பெண்கள் இரகசிய வழிகளைக் கண்டறிந்தனர். பிறப்பு வீதம் மெல்ல மெல்ல இறங்கியது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை கடுமையானது. 1989ஆம் ஆண்டளவில் ருமேனியாவின் பிரசவ மரண வீதம் ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்ததாக, ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 170 அளவில் இருந்தது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை சட்டவிரோத கருக்கலைப்பினால் நேர்ந்தவை. ஆணை நீக்கப்பட்ட அடுத்த வருடமே அந்த வீதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

மேற்குலகம் அந்த நாட்களில் சௌசெஸ்குவை எவ்வாறு நடத்தியது என்பதையும் இங்கு நினைவுகூரவேண்டும். 1968இல் செக்கோஸ்லோவாக்கியா மீதான சோவியத் படையெடுப்பைக் கண்டித்ததால் அவர் மொஸ்கோவுக்கு அடிபணியாத கம்யூனிஸ்டாகக் கொண்டாடப்பட்டார். 1969இல் ஜனாதிபதி நிக்ஸன் புக்காரெஸ்ட்டுக்குச் சென்றார். 1978இல் எலிசபெத் மகாராணியார் பக்கிங்ஹாம் மாளிகையில் அவரை விருந்தினராக வரவேற்றார். குழந்தைகள் இல்லங்கள் நிரம்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அதைப் பற்றி எவரும் வினவியதாகத் தெரியவில்லை.

பெற்ற பிள்ளையை வளர்க்க வசதியற்ற குடும்பங்களுக்கு அரசாங்கம் ஒரு மாற்றுவழியைக் காட்டியது. பிள்ளையை எங்களிடம் தாருங்கள், அரசாங்கம் உங்களைவிட நன்றாக வளர்க்கும் என்பதே அது. 1980களின் தொடக்கத்தில் வெளிநாட்டுக் கடன் முழுவதையும் அடைத்துவிடுவது என்று சௌசெஸ்கு தீர்மானித்து, உணவுப் பொருட்களைக்கூட ஏற்றுமதி செய்யத் தொடங்கியபோது அந்த அழைப்பை ஏற்கும் குடும்பங்கள் பெருகின. ஆட்சி வீழ்ந்தபோது ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் அரச இல்லங்களில் இருந்தனர். உலகம் அவர்களை 'ருமேனிய அநாதைகள்' என்று அழைத்தது. அந்தப் பெயர் தவறானது. அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ அல்லது இருவருமோ உயிருடன் இருந்தனர். அவர்கள் வறுமையினாலும் ஒரு சட்டத்தினாலும் கைவிடப்பட்ட பிள்ளைகள்.

1970ஆம் ஆண்டின் சட்டமொன்றின் கீழ் இந்த இல்லங்கள் ஒழுங்கமைக்கப்பட்டிருந்தன. பிறந்தது முதல் மூன்று வயது வரை சிசுக்களுக்கான இல்லம். மூன்று வயதில் ஒரு குழு பிள்ளையைப் பரிசோதித்துத் தரம் பிரிக்கும். குறைபாடற்றவர்கள் ஒரு வகை இல்லத்துக்கும், 'சீர்செய்யக்கூடியவர்கள்' இன்னொரு வகைக்கும், 'சீர்செய்ய முடியாதவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் ஒதுக்குப்புறமான வைத்தியசாலை இல்லங்களுக்கும் அனுப்பப்படுவர். கால் வளைந்திருந்த பிள்ளையும், பேச்சு தாமதித்த பிள்ளையும் இந்தக் கடைசிப் பிரிவுக்குள் விழுந்ததுண்டு. மூன்று வருடங்கள் எவரும் பேசாமல் வளர்த்த பிள்ளையிடம் 'ஏன் நீ பேசவில்லை' என்று கேட்டு அதன் தலைவிதியைத் தீர்மானித்த ஏற்பாடு அது.

சிசு இல்லங்களில் ஒரு பராமரிப்பாளருக்குப் பன்னிரண்டு, பதினைந்து குழந்தைகள். அதைவிடக் கூடுதலாகவும் இருந்ததுண்டு. கால அட்டவணைப்படி பால் வரும், உடை மாற்றப்படும், குளிப்பாட்டப்படும். பாற்போத்தல் தலையணையில் சாய்த்து வைக்கப்படும். மிகுதி நேரமெல்லாம் கட்டிலும் வெள்ளைக் கூரையும்தான். அங்கு சென்ற ஆய்வாளர்களும் பத்திரிகையாளர்களும் திரும்பத் திரும்பக் குறிப்பிட்ட ஒரு விடயம், கூடம் நிறையக் குழந்தைகள் இருந்தும் அங்கு நிலவிய அமைதி. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நமது பழமொழி. அழுதாலும் அழாவிட்டாலும் குறித்த நேரத்துக்கு மாத்திரமே பால் வரும் இடத்தில் பிள்ளை அழுகையைக் கைவிட்டுவிடுகிறது. உயிரினம் ஒன்று தன் முதல் மொழியையே பயனற்றதென்று கண்டு நிறுத்திக்கொள்ளும்போது அதன் உடலுக்குள் என்ன நிகழ்கிறது என்பதுதான் பின்னர் விஞ்ஞானிகளின் கேள்வியாயிற்று.

1989 டிசெம்பர் 25ஆம் திகதி சௌசெஸ்குவும் அவரது மனைவி எலீனாவும் சுட்டுக்கொல்லப்பட்டனர். மறுநாளே 770ஆம் இலக்க ஆணை இரத்துச் செய்யப்பட்டது. புதிய ஆட்சியின் முதலாவது சட்ட நடவடிக்கையே அதுதான். வீதிகளில் இறங்கி அந்த ஆட்சியை வீழ்த்திய இளைஞர்களில் கணிசமானோர் அந்த ஆணையினால் பிறந்தவர்கள் என்பது வரலாற்று முரண். அவர்களை ருமேனிய மொழியில் 'ஆணையின் பிள்ளைகள்' என்ற பொருளில் 'தெக்ரெட்செய்' என்று அழைக்கிறார்கள்.

1990இல் மேற்கத்தைய தொலைக்காட்சிக் கமராக்கள் இல்லங்களுக்குள் நுழைந்தன. சிகெத்து மர்மாட்சியே, சிகித் போன்ற இடங்களிலிருந்து வந்த காட்சிகளைக் கண்டு உலகம் திடுக்கிட்டது. குளிர்காலத்தில் அரைநிர்வாணமாக, கட்டில்களில் கட்டப்பட்ட பிள்ளைகள். போதாதற்கு எயிட்ஸ். போசாக்கற்ற சிசுக்களுக்கு வலுவூட்டுவதாக எண்ணிப் பரிசோதிக்கப்படாத இரத்தத்தைச் சிறிதளவில் ஏற்றியதாலும், ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதாலும் கிருமி பரவியிருந்தது. 1990 முடிவில் அந்த நாட்டில் பதிவாகியிருந்த எயிட்ஸ் நோயாளரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் 13 வயதுக்குட்பட்டவர்கள். நோய் எங்கு பார்த்தாலும் வளர்ந்தவர்களின் நோயாக இருந்த காலம் அது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. குழந்தையை இவ்வாறு வளர்த்தால் அது பாழாகும் என்பது 1966இல் தெரிந்திருக்கவில்லையா?

தெரிந்திருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இதைப்பற்றி ஒரு கதை உண்டு. பரிசுத்த ரோமப் பேரரசன் இரண்டாம் பிரெடரிக், மனிதனின் ஆதி மொழி எது என்று அறிவதற்காகச் சில சிசுக்களைச் செவிலியர் பேசாமலும் கொஞ்சாமலும் வளர்க்கும்படி பணித்தானாம். குழந்தைகள் எந்த மொழியையும் பேசுமுன் இறந்துபோயினவாம். எழுதிவைத்த சலிம்பேனே என்ற துறவி மன்னனின் பகைவர் என்பதால் இதை அப்படியே நம்பவேண்டிய அவசியமில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் சான்றுகளை அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது. 1945இல் ரெனே ஸ்பிட்ஸ் என்ற உளமருத்துவர் இரண்டு இடங்களில் வளர்ந்த குழந்தைகளை ஒப்பிட்டு எழுதினார். ஒன்று சிறைச்சாலையில் கைதித் தாய்மாரே தமது பிள்ளைகளைப் பராமரித்த இடம். மற்றையது சுத்தமும் மருத்துவ வசதியும் மிக்க, ஆனால் தாதியர் சிலர் மாத்திரமே இருந்த கைவிடப்பட்டோர் இல்லம். சிறையில் பிள்ளைகள் நன்கு வளர்ந்தன. இல்லத்தில் இரண்டு வருடங்களுக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை இறந்தன.

இதைவிட என்னை வியக்கவைப்பது எல்சி விடோசன் என்ற பிரித்தானியப் போசணையியல் அறிஞர் 1951இல் 'லான்செட்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரை. அதிகம் பேசப்படாத கட்டுரை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். யுத்தத்துக்குப் பிந்திய ஜேர்மனியில் உணவு பங்கீட்டு அட்டைக்குக் கிடைத்த 1948ஆம் ஆண்டில், இரண்டு சிறுவர் இல்லங்களில் அவர் ஒரு சோதனையை நடத்தினார். முதல் ஆறு மாதங்கள் இரு இல்லங்களுக்கும் ஒரே பங்கீட்டு உணவு. அடுத்த ஆறு மாதங்கள் ஓர் இல்லத்துக்கு மேலதிகமாகப் பாண், ஜாம், தோடம்பழச் சாறு. மேலதிக உணவு கிடைத்த பிள்ளைகளின் நிறை கூடவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது மறுதலை. மேலதிக உணவு கிடைத்தவர்கள் பின்தங்கினர், கிடைக்காதவர்கள் முந்தினர். காரணத்தைத் தேடியபோது ஒரு பெண் அகப்பட்டார். பிள்ளைகளை எல்லோர் முன்னிலையிலும், பெரும்பாலும் சாப்பாட்டு வேளையில், கடிந்து அழவைக்கும் மேற்பார்வையாளர் அவர். முதல் ஆறு மாதங்கள் ஓர் இல்லத்திலிருந்த அவர், தற்செயலாக மேலதிக உணவு தொடங்கிய அதே தருணத்தில் மற்றைய இல்லத்துக்கு மாற்றப்பட்டிருந்தார். அங்கு போகும்போது தனக்குப் பிடித்தமான எட்டுப் பிள்ளைகளையும் கூட்டிச்சென்றார். அவர் கடியாத அந்த எட்டுப் பேர் மாத்திரம் நன்கு நிறை கூடியிருந்தனர். பாணும் ஜாமும் ஒரு கடுமொழிக்கு முன்னால் தோற்றுப்போயின.

அதே 1951இல் உலக சுகாதார நிறுவனம் ஜோன் போல்பி எழுதிய அறிக்கையை வெளியிட்டு, சிசுக்களைப் பெரும் இல்லங்களில் வளர்ப்பதன் அபாயத்தை அரசாங்கங்களுக்கு எடுத்துரைத்தது. ருமேனிய ஆணைக்குப் பதினைந்து வருடங்களுக்கு முன்னரான சங்கதி இது. ஆக, அறியாமை என்று காரணம் கூற இடமில்லை. சௌசெஸ்குவின் ஆட்சி அறிவைத் தேடாததோடு நிற்கவில்லை. 1969இல் சமூக சேவைக்கான உயர்கல்வியை ஒழித்தது. 1977இல் பல்கலைக்கழகங்களில் உளவியல் பீடங்களை மூடியது. இல்லங்களில் நடப்பதைப் பார்த்து, இது என்ன என்று பெயரிட்டுச் சொல்லக்கூடியவர்களையே இல்லாமற் செய்துவிட்டது.

இனி உடலுக்கு வருவோம். ஆபத்தை எதிர்கொள்ளும்போது மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் கபச்சுரப்பிக்குச் செய்தி அனுப்ப, கபச்சுரப்பி சிறுநீரகங்களுக்கு மேலுள்ள அதிரீனல் சுரப்பிகளைத் தூண்ட, கோட்டிசோல் என்ற ஓமோன் இரத்தத்தில் கலக்கிறது. அது சேமிப்பிலுள்ள சக்தியை அவிழ்த்துவிடுகிறது. வளர்ச்சி, சமிபாடு, நோயெதிர்ப்பு போன்ற அவசரமற்ற வேலைகளைச் சற்று ஒத்திவைக்கிறது. ஆபத்து நீங்கியதும் அந்த ஓமோனே மூளைக்குச் சென்று 'போதும்' என்று சொல்லித் தன் சுரப்பைத் தானே அடக்குகிறது. ஆபத்து இல்லாத நாட்களிலும் அதற்கு ஒரு தாளம் உண்டு. அதிகாலையில் விழித்தெழும் வேளையில் உச்சம், பின்னர் படிப்படியான இறக்கம், இரவில் மிகக் குறைவு. ஒரு சிறு குழந்தைக்கு இந்த முழு ஏற்பாட்டையும் அடக்கி வைக்கும் வல்லமை தனியாகக் கிடையாது. தூக்கி அணைக்கும் கைதான் அதன் 'போதும்' என்ற செய்தி.

1990களில் மேரி கார்ல்சன், பெல்ட்டன் ஏர்ல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ருமேனிய சிசு இல்லமொன்றின் இரண்டு வயதுப் பிள்ளைகளின் உமிழ்நீரைக் காலை, நண்பகல், மாலை வேளைகளில் எடுத்து அளந்தனர். காலையின் உச்சமும் மாலையின் இறக்கமும் அங்கு காணப்படவில்லை. நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே மட்டம். உடலுக்குப் பொழுது விடிந்ததும் பட்டதும் தெரியாத நிலை. மறுபுறம், கனடாவில் தத்தெடுக்கப்பட்டு, ஆறு வருடங்களுக்கு மேல் அன்பான வீடுகளில் வளர்ந்த ருமேனியப் பிள்ளைகளை மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் மேகன் கனர் ஆராய்ந்தபோது, எட்டு மாதங்களுக்கு மேல் இல்லங்களில் இருந்தவர்களிடம் கோட்டிசோல் வழமையைவிடக் கூடுதலாக இருந்தது. ஓரிடத்தில் மந்தம், இன்னோரிடத்தில் மிகை. இரண்டும் ஒரே கோளாறின் இரு முகங்கள் என்றே பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எந்தக் காலத்தில், எந்தச் சூழலில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒழுங்கு குலைந்த ஏற்பாடு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்து நிற்கிறது.

ஆனால் இந்த ஆய்வுகளுக்கெல்லாம் எதிராக ஒரு நியாயமான ஆட்சேபம் இருந்தது. தத்தெடுக்க வந்த வெளிநாட்டவர்கள் ஆரோக்கியமான பிள்ளைகளையே தெரிவுசெய்திருக்கக்கூடும். இல்லத்தில் எஞ்சியவர்கள் தொடக்கத்திலேயே பலவீனமானவர்களாக இருந்திருக்கக்கூடும். அவ்வாறாயின் பாதிப்புக்குக் காரணம் இல்லமா, பிறப்பா?

இதைத் தீர்க்கும் பரிசோதனை 2000ஆம் ஆண்டில் புக்காரெஸ்ட்டில் ஆரம்பமானது. சௌசெஸ்கு இறந்து பதினொரு வருடங்கள் கடந்திருந்தன. ஆணையும் இல்லை, ஆட்சியும் இல்லை. ஆனால் பிள்ளையை இல்லத்தில் விட்டுச்செல்லும் பழக்கமும், அதை ஏற்கும் கட்டடங்களும், அவற்றை நம்பிப் பிழைக்கும் ஊழியர்களும் அப்படியே இருந்தனர். சார்ள்ஸ் நெல்சன், நேதன் பொக்ஸ், சார்ள்ஸ் சீனா ஆகிய மூன்று அமெரிக்கப் பேராசிரியர்கள் ருமேனிய அரசாங்கத்தின் இணக்கத்துடன் நகரின் ஆறு இல்லங்களிலிருந்து 6 மாதம் முதல் 31 மாதம் வரை வயதுடைய 136 குழந்தைகளைத் தெரிவுசெய்தனர். சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் அவர்களில் 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். மற்றைய 68 பேர் வழமையான பராமரிப்பில் விடப்பட்டனர். நகரில் பெற்றோருடன் வாழ்ந்த பிள்ளைகள் ஒப்பீட்டுக்காக இணைக்கப்பட்டனர்.

இதை வாசிக்கும் எவரும் சற்றுத் தரித்து நிற்பர். இல்லம் கெடுதலானது என்று அறிந்துகொண்டே பாதிப் பிள்ளைகளை அங்கு விட்டுவைப்பது அறமா? அந்த விவாதம் விஞ்ஞான சஞ்சிகைகளிலேயே நடந்தது. ஆய்வாளர்களின் பதில் பின்வருமாறு அமைந்தது. அப்போது புக்காரெஸ்ட்டில் வளர்ப்புக் குடும்ப முறை என்று சொல்லத்தக்க எதுவும் இருக்கவில்லை. அந்த 68 இடங்களையும் உருவாக்கியதே ஆய்வுத் திட்டம்தான். திட்டம் இல்லாவிட்டால் 136 பேரும் இல்லத்திலேயே இருந்திருப்பர். எந்தப் பிள்ளையும் வெளியேறுவதைத் தாங்கள் தடுப்பதில்லை என்றும் அவர்கள் உறுதியளித்தனர். அவ்வாறே இல்லத்துக்கு ஒதுக்கப்பட்டவர்களிலும் பெரும்பாலானோர் வருடங்கள் செல்லச்செல்ல வெளியேறினர். தர்க்கரீதியில் இந்தப் பதிலில் பிழை காண முடியாது என்பதே எனது அபிப்பிராயம். எனினும் சீட்டில் மற்றைய பக்கம் விழுந்த பிள்ளைக்கு இந்தத் தர்க்கத்தை எவ்வாறு விளக்குவது என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைகள் இப்போது இருபதுகளின் நடுப்பகுதியில் இருக்கும் வளர்ந்தவர்கள். தங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றை அவர்களே வாசிக்கக்கூடும்.

பெறுபேறுகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்ற பிள்ளைகளின் உயரமும் நிறையும் ஒரு வருடத்துக்குள்ளேயே வழமையான அளவை நெருங்கின. நான்கரை வயதில் நுண்ணறிவு ஈவு இல்லத்துக்கு ஒதுக்கப்பட்டோரிடம் சராசரியாக 73, வளர்ப்புக் குடும்பத்தினரிடம் 81, பெற்றோருடன் வளர்ந்தவர்களிடம் 109 என்று 2007இல் 'சயன்ஸ்' சஞ்சிகை பிரசுரித்தது. பன்னிரண்டு வயதளவில் அவர்களைச் சற்றுப் பதற்றமூட்டும் பணிகளில், அந்நியர் முன்னிலையில் பேசுவது போன்றவற்றில், ஈடுபடுத்தி உடலின் எதிர்வினை அளக்கப்பட்டது. இல்லத்துக்கு ஒதுக்கப்பட்டவர்களிடம் கோட்டிசோல் எழவேண்டிய அளவுக்கு எழவில்லை. இதயமும் நாளங்களும் காட்டவேண்டிய உசார் மந்தமாக இருந்தது. வளர்ப்புக் குடும்பத்தினரின் எதிர்வினை பெற்றோருடன் வளர்ந்தவர்களை ஒத்திருந்தது. இதிலும் இரண்டு வயதுக்கு முன்னர் குடும்பத்தை அடைந்தவர்களே தெளிவாக மீண்டிருந்தனர். சீட்டு முறையில் பிரிக்கப்பட்ட குழுக்கள் என்பதால், இங்கு காரணம் பிறப்பு அல்ல, வளர்ப்பே என்று ஐயமின்றிக் கூற முடிந்தது. 2015இல் வெளியான இந்த ஆய்வே இத்துறையில் மிக வலுவான சான்று என்று சொல்லலாம்.

முதுமை பற்றிய கேள்வி இங்கேதான் நுழைகிறது. நமது கலங்களின் நிறமூர்த்தங்களின் இரு நுனிகளிலும் டெலோமியர் எனப்படும் காப்பு உண்டு. பன்பாயின் ஓரத்தில் துணிக்கரை வைத்துத் தைப்பது போன்றது அது; கரை இருக்கும்வரை பாய் பிரியாது. கலம் பிரியும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கரை சற்றுத் தேய்கிறது. மிகத் தேய்ந்ததும் கலம் பிரிவதை நிறுத்திவிடுகிறது. இந்த இரகசியத்தை அவிழ்த்ததற்காக எலிசபெத் பிளக்பேர்ன் உட்பட மூவருக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. நாட்பட்ட நோயாளிப் பிள்ளைகளைப் பராமரிக்கும் தாய்மாரில், தாங்கொணா அழுத்தத்தை உணர்ந்தவர்களின் டெலோமியர் குறுகியிருப்பதை அவரும் எலிசா ஈப்பலும் 2004இல் காட்டியிருந்தனர். புக்காரெஸ்ட் பிள்ளைகள் 6 முதல் 10 வயது வரையில் இருந்தபோது அவர்களின் கன்னத்தின் உட்புறக் கலங்கள் எடுக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டன. சிறுவயதில் இல்லத்தில் கழித்த காலம் கூடக்கூட டெலோமியர் குறுகியிருந்தது. பள்ளிக்கூடத்தின் கீழ்வகுப்புகளில் படிக்கும் வயதில், நடுவயதினரிடம் தேடவேண்டிய தேய்மானத்தின் அடையாளங்கள்.

இதை மிகைப்படுத்தக்கூடாது என்பதையும் சொல்லவேண்டும். டெலோமியரின் நீளம் ஒருவரின் ஆயுளைச் சொல்லும் சாதகக் குறிப்பல்ல. ஒரே வயதுடைய ஆரோக்கியமான இருவரிடையேகூட அது பெரிதும் வேறுபடும். அளக்கும் முறைகளும் பூரணமானவையல்ல. கோட்டிசோலுக்கும் டெலோமியருக்கும் இடையிலான தொடர்பு முற்றாக நிறுவப்பட்டதுமல்ல. பிரித்தானியாவில் தத்தெடுக்கப்பட்ட 165 ருமேனியப் பிள்ளைகளை மைக்கல் ரட்டர் குழுவினர் பல தசாப்தங்களாகப் பின்தொடர்ந்தனர். ஆறு மாதங்களுக்கு முன்னர் இல்லத்தைவிட்டு வந்தவர்கள் ஏனைய தத்துப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தனர். அதற்குப் பின்னர் வந்தவர்களிடம் பல பிரச்சினைகள் வளர்ந்த பின்னரும் தொடர்ந்தன. இல்லத்தில் இருந்த தத்துப் பிள்ளைகளின் மூளையின் கனவளவு ஏனைய தத்துப் பிள்ளைகளுடையதைவிடச் சராசரியாக 8.6 வீதம் குறைந்திருந்ததாக 2020இல் கண்டறியப்பட்டது. ஆனால் நீண்டகாலம் இல்லத்தில் இருந்தும் குறிப்பிடத்தக்க பாதிப்பின்றி வளர்ந்தவர்களும் அவர்களிடையே இருந்தனர். அவர்களைக் காத்தது எது என்பதற்கு இன்னமும் தெளிவான விடையில்லை. 'கெட்டுப்போன தலைமுறை' என்று ஒட்டுமொத்தமாகப் பேசுவது, அன்று மூன்று வயதில் முத்திரை குத்திய குழுவின் வேலையை நாம் தொடர்வதாகவே முடியும்.

நமது நாட்டுடன் ஒப்பிடுவதற்கு இங்கு ஒரு விடயம் உண்டு. யுத்தமும் 2004 சுனாமியும் வடக்கு, கிழக்கில் சிறுவர் இல்லங்களைப் பெருகச்செய்தன. அவற்றை நடத்தியவர்களில் நல்லெண்ணம் கொண்டோர் பலர். சௌசெஸ்குவின் இல்லங்களோடு அவற்றைச் சமப்படுத்துவது அநியாயம். ஆனால் ஒற்றுமை ஒன்று உறுத்துகிறது. இங்கும் இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தனர். சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் வழியில்லாமல் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அவர்கள். கொடையாளிகளுக்குக் கட்டடம் கட்டிப் பெயர்ப்பலகை வைப்பதில் இருந்த ஆர்வம், அந்தத் தாயின் கையில் மாதாமாதம் சிறுதொகையைக் கொடுப்பதில் இருந்ததில்லை.

ருமேனியா 2004இல் இயற்றி 2005இல் நடைமுறைப்படுத்திய சட்டத்தின் மூலம், கடுமையான ஊனமுற்றோர் தவிர, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இல்லங்களில் சேர்ப்பதைத் தடைசெய்தது. புக்காரெஸ்ட் ஆய்வின் முதற்கட்ட முடிவுகளும், 2007இல் கைகூடிய ஐரோப்பிய ஒன்றிய அங்கத்துவத்துக்கான நெருக்குதலும் அதற்குத் துணைபுரிந்தன. பழைய பாணியிலான பெரும் இல்லங்களில் அநேகமானவை இன்று மூடப்பட்டுவிட்டன. ஆணையின் பிள்ளைகள் ஐம்பதுகளின் இறுதியை எட்டிவிட்டனர். 2030களின் தொடக்கத்தில் அவர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுபெறும்போது ஓய்வூதிய நிதியம் தாங்குமா என்று அந்த நாட்டின் பொருளாதார நிபுணர்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு பிறப்புச் சான்றிதழில் உள்ள திகதிகளைக் கொண்டு போடப்படுகிறது. இல்லங்களில் வளர்ந்தவர்களின் உடல்கள் அதே திகதிகளின்படி மூப்படைகின்றனவா என்பது அதில் சேர்க்கப்பட்டதாகத் தெரியவில்லை.

2017இல் கம்யூனிஸ்ட் கால குற்றங்களை விசாரிக்கும் அரச நிறுவனம் சிகெத்து மர்மாட்சியே, சிகித், பஸ்திரவேனி ஆகிய மூன்று இல்லங்களில் நிகழ்ந்த 771 சிறுவர் மரணங்கள் தொடர்பில் வழக்குத்தொடுநரிடம் முறைப்பாடு செய்தது. பலருக்கு மரணச் சான்றிதழில் எழுதப்பட்டிருந்த காரணம் நியூமோனியா. சௌசெஸ்கு சுடப்பட்டு அப்போது இருபத்தேழு வருடங்கள் கடந்திருந்தன.